குறுக்குவில்லின் வாழ்நாள்

வலிய பொருளாற் செய்த கருவியே நெடுநாள் உழைக்கும் என எண்ணுதல் இயல்பு. கட்டையின் குறுக்கே பூட்டி, விசையால் நாணை விடுவிக்கும் குறுக்குவில்லின் வரலாறு வேறு கூறுகிறது.

15ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வேட்டைக்காரரிடம் கொம்பு வில், எஃகு வில் என இருவகை இருந்தன. விலங்குகளின் கொம்பையும் தசைநாரையும் பசையிட்டு ஒட்டியது கொம்பு வில். ஈரம் புகுந்தால் பசை இளகி அடுக்குகள் பிரியும். ஆதலால் அதன்மேல் பூர்ச்ச மரப்பட்டையைப் போர்த்தினர். எஃகு வில்லுக்கு அக்குறை இல்லை. ஆயினும் கடுங்குளிரில் எஃகு நொறுங்கும் இயல்பை அடையும். வளைக்கும்போதே முறிந்து வேடனையே காயப்படுத்தக்கூடும். எனவே எஃகு வந்த பின்னும், பனிக்காலத்தில் கொம்பு வில்லை நாடியோர் உண்டு.

இரண்டிற்கும் பொதுவான கேடு, அம்பு வைக்காது நாணை விடுதல். அம்பு கொண்டு செல்லவேண்டிய ஆற்றல் அப்போது வில்லையே தாக்கும். இன்றைய கண்ணாடியிழை வில்லும் இதற்கு விலக்கன்று.