மலையிலிருந்து பல்கலைக்கழகம் – 12: தமிழுக்குப் பக்கத்துத் தட்டில் ஜப்பான்

சென்ற வாரம் பொறியியல் பீடத்துக்குப் போகும் பிள்ளைகளின் புத்தகச் செலவைப் பார்த்தோம். இந்த வாரம் மலையகத்தில் அதிகம் பேர் கை வைக்காத ஒரு பாடம்: ஜப்பானியக் கற்கை. அதிகம் பேர் எடுப்பதில்லை என்பதாலேயே இதை எழுத வேண்டியிருக்கிறது. பொறியியலுக்குப் போகும் பிள்ளைக்கு மூத்த மாணவரின் குறிப்புக் கொப்பியாவது கிடைக்கும். ஹட்டனிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ ஜப்பானியம் படிக்கப் போகிறவருக்கு வழிகாட்ட அப்படியொரு அண்ணனோ அக்காவோ வாய்ப்பது அபூர்வம்.

நம் பக்கத்தில் ஜப்பான் என்றால் வேலைதான் முதலில் நினைவுக்கு வரும். குறித்த திறன் தொழிலாளர் விசா தொடர்பாக 2019 ஜூனில் இலங்கையும் ஜப்பானும் ஒப்பந்தம் செய்தன. முதியோர் பராமரிப்பு, விவசாயம் போன்ற வேலைகளுக்குப் போக அடிப்படை ஜப்பானியம் தெரிந்தாக வேண்டும். அதற்காகப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஜப்பான் பவுண்டேஷனின் 'இரோதோரி' பாடநூல் ஒலிப்பதிவுகளோடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பணம் கொடுத்து அதன் போட்டோகொபியை வாங்கத் தேவையில்லை. பல்கலைக்கழகப் படிப்பையும் அந்தப் புத்தகத்தோடு தொடங்கலாம். ஆனால் இலக்கியம், வரலாறு, சமூகம், பொருளாதாரம் என்று பாடம் விரியும்போது அது போதாது.

களனிப் பல்கலைக்கழகத்தின் நவீன மொழிகள் துறையிலும், பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்திலும் ஜப்பானியம் கற்பிக்கிறார்கள். எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் முதல் வாரமே நூலகத்துக்குள் நுழைந்து மூன்று எண்களைத் தேடுங்கள். டூயி பகுப்பு முறையில் ஜப்பானிய மொழி 495.6, ஜப்பானிய இலக்கியம் 895.6, ஜப்பான் வரலாறு 952. தமிழ் மொழியின் எண் 494.811. ஆக மொழித் தட்டில் தமிழைத் தாண்டிக் கொஞ்சம் நகர்ந்தாலே ஜப்பானியம் வந்துவிடும். கணினி அட்டவணையில் தேடிவிட்டு 'இல்லை' என்று திரும்பிவிடாதீர்கள். நன்கொடையாக வரும் வெளிநாட்டு மொழி நூல்கள் அட்டவணையில் ஏறக் காலமெடுக்கும், ஏறினாலும் பெயர் வேறு மாதிரி இருக்கும். தட்டருகே போய் நின்று பார்ப்பதுதான் நல்லது. இரவல் பகுதியில் இல்லாதது உசாத்துணைப் பகுதியில் இருக்கலாம். அங்கும் இல்லாவிட்டால், வேறு பல்கலைக்கழகத்திலிருந்து இரவல் பெற்றுத்தர முடியுமா என்று நூலகரிடம் கேளுங்கள். மலையகப் பிள்ளைகளுக்குக் கேட்பதில்தான் கூச்சம். அந்தக் கூச்சம் போக ஒரு வருடமாவது ஆகிறது, அதற்குள் முதலாம் ஆண்டு முடிந்துவிடுகிறது.

பெயர் வேறு மாதிரி இருக்கும் என்றேனே, உண்மையான தலைவலி அதுதான். நட்சுமே சோசெகி என்ற நாவலாசிரியரை எடுத்துக்கொள்வோம். ஜப்பானியர் குடும்பப் பெயரை முன்னால் வைப்பார்கள், ஆங்கில நூல்கள் பல அதைப் பின்னால் தள்ளிவிடும். 'சோ' என்ற நெடிலை ஒரு நூலகம் மேலே கோடிட்டு எழுதும், இன்னொன்று கோடில்லாமல் எழுதும், மூன்றாவது ஓர் எழுத்தைக் கூட்டி எழுதும். ரோமன் எழுத்தில் தேடினால் இத்தனை சந்து பொந்துகளிலும் நுழைந்து வெளிவர வேண்டும். அவர் பெயரில் உள்ள, கஞ்சி எனப்படும் சீன வழி எழுத்துகள் நான்கையும் ஒருமுறை சரியாகப் பிடித்துக்கொண்டால் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும். கைபேசியில் ஜப்பானிய விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒலியை ரோமன் எழுத்தில் தட்டினால் கஞ்சி எழுத்துகளை அதுவே காட்டும். பொதுப் பயன்பாட்டுக்கென்று ஜப்பானிய அரசு 2010இல் திருத்திய பட்டியலில் 2136 கஞ்சிகள் இருக்கின்றன. அத்தனையும் மனப்பாடமாகும் வரை காத்திருக்க வேண்டாம். ஆசிரியர் பெயரையும் நூற்பெயரையும் எழுத்து பார்த்து அடையாளம் காணத் தெரிந்தால் தேடல் தொடங்கிவிடும்.

அப்படித் தேடப் பழகியவருக்கு முதலில் திறக்கும் வீடு அயோசோரா புன்கோ. 1997இல் தன்னார்வலர்கள் தொடங்கிய இணைய நூலகம் இது. காப்புரிமை முடிந்த ஜப்பானிய நூல்களை எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்து, சரிபார்த்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். சோசெகி, அகுதகவா, மியசவா கென்ஜி, தசாய் ஒசாமு எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். பல நூல்களில் கடினமான கஞ்சிக்கு மேல் அதன் ஒலியைச் சிறிய எழுத்தில் போட்டிருப்பதால், பாதி தெரிந்தவரும் வாசிக்க முடிகிறது. எல்லாம் வெறும் எழுத்துக் கோப்புகள். ஒரு சிறுகதை வாட்ஸ்அப்பில் வரும் ஒரு படத்தைவிடச் சின்னது. ரீலோட் போட்டு இரண்டு நாளில் டேட்டா தீர்ந்துபோகிற, லயத்துக்கு வெளியே வந்து நின்றால்தான் சிக்னல் பிடிக்கிற வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான நூலகம் எனக்குத் தெரிந்து இல்லை.

பிற்கால எழுத்தாளர்களான மிஷிமாவையும் கவபதாவையும் அங்கே தேடாதீர்கள். ஜப்பானில் எழுத்தாளர் இறந்து 50 ஆண்டுகள் வரை இருந்த காப்புரிமை, 2018 டிசம்பர் 30 முதல் 70 ஆண்டுகளாக நீண்டுவிட்டது. 1967இல் இறந்தவர்கள் வரைக்கும் கதவு திறந்திருந்தது. 1970இல் இறந்த மிஷிமா 2041இல்தான் வருவார், 1972இல் இறந்த கவபதா 2043இல். நோபல் பரிசு பெற்ற கவபதாவை இலவசமாக வாசிக்க இன்றைய மாணவர் நடுவயது வரை காத்திருக்க வேண்டும் என்பது எனக்குக் கொஞ்சமும் உவப்பான செய்தி அல்ல. இவ்விருவரையும் வாசிக்க அச்சுப் புத்தகம்தான் வழி, அதுவும் 895.6 தட்டில்.

ஆங்கிலத்தில் வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூலத்தின் காப்புரிமை முடிந்தாலும் மொழிபெயர்ப்பின் காப்புரிமை தனி. நேரடியாக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பழைய நூல்களில் இந்தச் சிக்கல் இல்லை. லஃப்காடியோ ஹெர்னின் 'குவைடான்' (1904), ஒககுரா ககுசோவின் 'தேநீர் நூல்' (1906) இரண்டும் குட்டன்பர்க் தளத்தில் இருக்கின்றன. ஒககுராவின் நூலை நம் பிள்ளைகள் அவசியம் வாசிக்க வேண்டும். தேநீர் அருந்துவதை ஒரு வழிபாடாகவே உயர்த்திப் பேசுகிறார். கொழுந்து கிள்ளும் விரல்களுக்குத்தான் அதில் அதிகம் இடமில்லை.

ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஜேஸ்டேஜ் தளம். ஜப்பானிய ஆய்விதழ்கள் பலவற்றின் கட்டுரைகள் முழுமையாக இலவசம், ஆங்கிலச் சுருக்கம் உள்ளவையும் ஏராளம். ஒரு நூல் எந்த ஜப்பானியப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது என்று அறிய சைனீ தளம். சோபியா பல்கலைக்கழகம் 1938இல் தொடங்கிய 'மொனுமென்டா நிப்போனிகா' ஜேஸ்டோர் தளத்தில் இருக்கிறது. அங்கே சொந்தக் கணக்கு திறந்தால் மாதம் 100 கட்டுரைகள் வரை திரையில் வாசிக்கலாம். பல்கலைக்கழகம் சந்தா கட்டும் மின்னூல்கள் பெரும்பாலும் வளாக வலையமைப்பில்தான் திறக்கும். விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வருமுன் தேவையானதை இறக்கிக்கொள்ளுங்கள், அல்லது வெளியிலிருந்து நுழையும் வழியை நூலகத்தில் கேட்டு வையுங்கள்.

மொழிச் சுமை ஒன்று இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். வகுப்பில் ஜப்பானியத்தைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ விளக்குவார்கள். என்எச்கே வானொலியின் இலகு ஜப்பானியப் பாடங்கள் வங்காளம், ஹிந்தி, உருது என்று பல மொழிகளில் வருகின்றன, தமிழில் இல்லை. ஆனால் வினை கடைசியில் வருவதும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். ஆங்கில விளக்கத்தை வரிவரியாக உருப்போடுவதை விட்டு வாக்கியத்தைத் தமிழில் வைத்துப் பார்த்தால் பாதி இலக்கணம் தானாகப் புரியும்.

இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போனவர் சுசுமு ஓனோ (1919–2008). ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு உண்டென்று வாதிட்ட மொழியியலாளர். சென்னையில் பொற்கோவோடும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோரோடும் சேர்ந்து வேலை செய்தார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அவர் முடிவை ஏற்கவில்லை, நானும் அதை நம்பச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கூட்டுழைப்பால் ஜப்பான் பற்றித் தமிழிலேயே எழுத்து பிறந்தது. ஜப்பானிய மொழியின் மிகப் பழைய கவிதைத் தொகுப்பான மன்யோஷுவின் காதற் பாடல்களை மனோன்மணி சண்முகதாஸ் தமிழுக்குக் கொண்டுவந்தார். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் இவர்கள் இருவரின் பெயரையும் இட்டுத் தேடுங்கள்.

கடைசியாக, இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறவர்களுக்கு. தலவாக்கலையில் கொத்மலை ஓயாவை மறித்து நிற்கும் மேல் கொத்மலை அணை ஜப்பானியக் கடனில் கட்டப்பட்டது. 150 மெகாவாட் மின் நிலையம், 2012இல் இயங்கத் தொடங்கியது. சென் கிளயார் நீர்வீழ்ச்சி வற்றும், குடும்பங்கள் இடம்பெயரும் என்று சுற்றாடல் அமைப்புகளும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் நீண்ட காலம் எதிர்த்த திட்டம் இது. ஜப்பானிய உதவி நிறுவனமான ஜைக்கா தன் ஆய்வறிக்கைகளைத் தன் நூலகத் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, ஆங்கிலத்திலும் ஜப்பானியத்திலும். எதிர்ப்பின் குரல் அக்காலத் தமிழ்ப் பத்திரிகைகளில் இருக்கிறது. வீடு மாறிய குடும்பங்கள் இன்னும் தலவாக்கலைப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஜப்பானிய அறிக்கையையும் தமிழ்ப் பத்திரிகையையும் ஒரே மேசையில் விரித்து வாசிக்கத் தெரிந்தவர்கள் தோக்கியோவிலும் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். ஜைக்கா தளத்தில் தேடும்போது 'கொத்மலை' என்பதை ஜப்பானியர் பிறமொழிச் சொற்களுக்கான கதகானா எழுத்தில் எழுதுவார்கள் என்பதை மறக்க வேண்டாம். ஆங்கிலத்தில் ஒருமுறை, கதகானாவில் ஒருமுறை தேடுங்கள். இரண்டு பட்டியலும் ஒன்றாக இராது.

(தொடரும்)