இரண்டு இணைப்பு, ஒரே கம்பம்

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, தாம்பரம் பக்கம் எங்கள் தெருவில் வேப்பமரக் கிளை ஒன்று முறிந்து கரண்ட் கம்பத்தின் மேல் விழுந்தது. மழை பெரிதில்லை, காற்றுதான். எங்கள் வீட்டில் அப்போது இரண்டு இன்டர்நெட் இணைப்பு இருந்தது. ஒன்று பெரிய கம்பெனியுடையது; இன்னொன்று தெருவுக்குக் கேபிள் டிவி கொடுப்பவரிடம் வாங்கியது. ஒன்று படுத்தால் மற்றது கைகொடுக்கும் என்று நம்பி மாதாமாதம் இரண்டுக்கும் பணம் கட்டிவந்தோம். அன்றைக்கு இரண்டு பெட்டியிலும் ஒரே நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு மகளுக்கு ஆன்லைன் தேர்வு.

விடிந்ததும் வெளியே போய்ப் பார்த்தேன். இரண்டு கம்பெனியின் கறுப்பு வயரும் அந்த ஒரே கம்பத்தில், ஒரே கொக்கியில் தொங்கி வந்திருந்தன. கிளை இரண்டையும் சேர்த்தே அறுத்துவிட்டது.

இணைப்பு நின்றால் நாம் தேட வேண்டியது அறுந்த கண்ணி எது என்பதை. மாற்று வழி வைத்திருந்தால் கேட்க வேண்டியது, அது அதே கண்ணியைத் தொட்டுக்கொண்டு வருகிறதா என்பதை. இந்த இரண்டும் தெரிந்தவர்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணில் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டிய நேரம் பாதிக்குப் பாதி குறையும்.

முதலில் பெட்டியின் விளக்குகள். ஃபைபர் இணைப்பு உள்ள வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியை மோடம் என்றோ ரவுட்டர் என்றோ சொல்கிறோம். அதன் வேலை, கண்ணாடி இழை வழியாக வரும் ஒளியை மின்சாரக் குறிகளாக மாற்றுவது. அதில் ‘எல்.ஓ.எஸ்.’ என்று ஒரு விளக்கு உண்டு. கேபிள் வேலை பார்க்கும் தம்பிகள் வாயில் அது ‘லாஸ்’. ஒளி வந்து சேராவிட்டால் இது சிவப்பாகும். பக்கத்திலேயே ‘பான்’ என்ற பச்சை விளக்கு. அது நிலையாக எரிந்தால், எதிர்முனையில் இருக்கும் கருவி நம் பெட்டியை அடையாளம் கண்டுகொண்டது என்று பொருள். விட்டுவிட்டு மின்னினால், ஒளி வருகிறது, ஆனால் அறிமுகம் இன்னும் முடியவில்லை.

லாஸ் சிவப்பாக எரியும்போது ரவுட்டரை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பலன் இல்லை. கோளாறு பெட்டிக்குள் இருப்பது அபூர்வம். பெரும்பாலும் கண்ணாடிப் பாதையில்தான் இருக்கும். புகார் சொல்லும்போது ‘நெட் வரலை’ என்பதற்குப் பதிலாக ‘லாஸ் சிவப்பாக எரிகிறது’ என்று சொல்லுங்கள். என்ன கருவியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பது வருகிறவருக்கு அந்த ஒரு வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.

கிளை விழுவதற்குச் சில மாதம் முன்னால் ஒருமுறை இப்படித்தான் லாஸ் மின்னியது. வந்த தம்பி முதலில் பெட்டியைத் தொடவே இல்லை. அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அக்கா, இந்த பீரோவ நகத்துனீங்களா?” என்று கேட்டார். வெள்ளையடிக்க நகர்த்தியிருந்தோம். பெட்டிக்குள் போகும் மஞ்சள் ஃபைபர் வயரைக் கழற்றி, பேனா மாதிரி ஒரு லேசர் விளக்கை அதன் முனையில் செருகினார். “லைட்ட ஆஃப் பண்ணுங்கக்கா” என்றார். இருட்டில், பீரோவின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில், மஞ்சள் வயரில் ஒரே ஓர் இடம் மட்டும் சிவப்பாகக் கனன்றது. அழுத்தி மடங்கிய இடம் அது. அங்கேதான் ஒளி கசிந்துகொண்டிருந்தது.

இழையின் நடுவில் ஒளி ஓடும் பகுதி சுமார் 9 மைக்ரான் தடிமன். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அதைச் சுற்றியிருக்கும் கண்ணாடி சற்றே வேறு குணமுள்ளது. உள்ளே போகும் ஒளி இந்த எல்லையில் சாய்வாகப் படும்போது வெளியேறாமல் முழுதாகப் பிரதிபலித்து உள்ளேயே திரும்புகிறது. இழையைச் சட்டென்று மடித்தால் அந்தச் சாய்வு மாறிவிடும்; ஒளியில் ஒரு பகுதி வெளியே தப்பிவிடும். காபி டம்ளரின் வாயைவிடச் சிறிய வட்டமாக மஞ்சள் வயரைச் சுருட்டாமல் இருந்தால் போதும்.

மடிப்பை நிமிர்த்திய பிறகு, பச்சை நிற முனையை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தார். 9 மைக்ரான் வாசலை அடைக்க ஒரு தூசி போதும். பிறகு அளவுக் கருவியைக் காட்டினார். மடிப்பை நிமிர்த்தும் முன் மைனஸ் 29 காட்டியது, இப்போது மைனஸ் 19. இது டிபிஎம் என்ற அலகு. பூஜ்யம் என்றால் ஒரு மில்லிவாட். பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. மைனஸ் 20 என்பது ஒரு மில்லிவாட்டில் நூற்றில் ஒன்று. வீட்டுப் பெட்டிகள் பொதுவாக மைனஸ் 27 வரை, அதாவது ஐந்நூற்றில் ஒரு பங்கு வரை, படித்துவிடும். அதற்குக் கீழே தடுமாறும். இவ்வளவு சிறிய ஒளியில்தான் நாம் படம் பார்க்கிறோம் என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான். எதிர்முனையில் சில மில்லிவாட்டாகப் புறப்படும் ஒளி, வழியில் 32 வீட்டுக்கும் சில இடங்களில் 64 வீட்டுக்கும் பங்கு பிரிக்கப்பட்டு, நம் பங்காக வந்து சேர்வது இதுதான்.

அந்த எண்ணை நீங்களே பார்க்கலாம். பல ரவுட்டர்களில், பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டினால் அதன் சொந்தப் பக்கம் திறக்கும். பெட்டியின் அடியில் ஒட்டிய காகிதத்தில் முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். ‘ஆப்டிகல்’ என்ற பகுதியில் வரும் ஒளியின் அளவு தெரியும். இணைப்பு நன்றாக இருக்கும் நாளில் அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கோளாறு வரும் நாளில் ஒப்பிட இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

சிவப்பு இல்லை, எல்லாம் பச்சை, ஆனாலும் நெட் இல்லை என்றால்? அப்போது அணைத்துப் போடுவது நியாயமான வைத்தியம். ரவுட்டரும் ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான். வீட்டில் உள்ள ஒவ்வொரு போனும் டிவியும் வெளியே யாருடன் பேசுகிறது என்று அது ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. மென்பொருளில் குறை இருந்தால் முடிந்துபோன பேச்சுகளும் அந்தப் பட்டியலிலேயே தங்கி, நினைவகம் நிரம்பி, புதிய பேச்சுக்கு இடமில்லாமல் போகிறது. கரண்ட்டை எடுத்துவிட்டு அரை நிமிடம் கழித்துப் போட்டால் பட்டியல் காலியாகிறது. உடனே போடக் கூடாது. உள்ளே தேங்கிய மின்சாரம் வடிய நேரம் வேண்டும்.

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. பின்னால் ஊசித்துளைக்குள் இருக்கும் பொத்தானைப் பிடித்து அழுத்தினால் கம்பெனி ஏற்றித் தந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சேர்ந்து அழிந்துவிடும். பல வீடுகளில் பத்து நிமிடக் கோளாறு இரண்டு நாள் கோளாறாக மாறுவது இங்கேதான். அந்தத் துளையைத் தொடாதீர்கள்.

அடுத்த கண்ணி வைஃபை. போனில் 192.168.1.1 பக்கம் திறந்தால் வைஃபை சரியாக இருக்கிறது, கோளாறு அதற்கு அப்பால். திறக்க இழுத்தடித்தால் கோளாறு வைஃபையில்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், ஆனால் அடுக்குமாடியில் எல்லா வீட்டு ரவுட்டரும் அங்கேதான் கத்திக்கொண்டிருக்கும்; மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைதான். 5 கிகாஹெர்ட்ஸில் கூட்டம் குறைவு, ஆனால் கான்கிரீட் சுவர் ஒன்றைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ ஃபிரிட்ஜ் பக்கத்திலோ ரவுட்டரை வைக்காமல் இருப்பதே பாதி சிகிச்சை. பெட்டியின் பக்கம் திறக்கிறது, கம்ப்யூட்டரிலிருந்து வெளியே உள்ள 8.8.8.8 என்ற எண்ணுக்கு, ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் பிங் கொடுத்தால் பதிலும் வருகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவைதான் படுத்திருக்கிறது. ரவுட்டரில் டிஎன்எஸ் முகவரியை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள்.

யாரும் சந்தேகப்படாத ஒன்று அடாப்டர். தானாகவே அணைந்து அணைந்து எரியும் ரவுட்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன், அதே அளவுள்ள வேறு அடாப்டரைப் போட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள் சூட்டில் மெல்ல வற்றிப்போகும். நம் ஊர் சித்திரை வெயிலில், டிவிக்குப் பின்னால் காற்றோட்டம் இல்லாத பொந்தில் கிடக்கும் அடாப்டருக்கு ஆயுசு குறைவு.

இனி மின்சாரம். பழைய லேண்ட்லைன் கரண்ட் போனாலும் பேசியது ஏன் என்றால், தொலைபேசி நிலையமே தன் பேட்டரியிலிருந்து 48 வோல்ட்டை வயரில் அனுப்பிக்கொண்டிருந்தது. கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. ஆனால் ஒரு நல்ல செய்தி உண்டு: ஒளியை 32 வீட்டுக்குப் பிரிக்கிற டப்பாவுக்கும் மின்சாரம் தேவையில்லை. ஒளி புறப்படும் எதிர்முனை நிலையத்தில் பொதுவாகப் பேட்டரியும் ஜெனரேட்டரும் இருக்கும். ஆகவே தெருவே இருண்டாலும், நம் பெட்டிக்கு மட்டும் கரண்ட் கொடுத்தால் போதும், நெட் ஓடும். இதற்கென்றே 12 வோல்ட் தரும் சின்ன யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. பத்து வாட் எடுக்கும் ரவுட்டரை 30 வாட்-மணி பேட்டரி மூன்று மணி நேரம் வரை தாங்கும். வாங்கும் முன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பாருங்கள். 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால் பெட்டி போய்விடலாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் இந்தச் சின்ன யுபிஎஸ் உபயோகமே. இன்வெர்ட்டர் கைமாறும் கண்ணிமைப்பில் சில ரவுட்டர்கள் அணைந்து, மறுபடி எழுந்து வர இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்கின்றன.

சில உள்ளூர் இணைப்புகளில் மட்டும் கதை வேறு. பக்கத்து மாடியில் ஒரு ஸ்விட்ச் பெட்டி வைத்து, அங்கிருந்து வீடுகளுக்கு வயர் இழுத்திருப்பார்கள். அந்த மாடியில் கரண்ட் போனால் உங்கள் யுபிஎஸ் எதையும் காப்பாற்றாது. இணைப்பு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மாற்று இணைப்பின் கணக்கு காகிதத்தில் மயக்கும். ஓர் இணைப்பு நூற்றில் ஒரு பங்கு நேரம் படுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு மூன்றரை நாளுக்கும் மேல். அதே தரத்தில் இரண்டு இணைப்பு இருந்தால், இரண்டும் சேர்ந்து படுப்பது வருடத்துக்கு 53 நிமிடம்தான். ஆனால் ஒன்றின் சாவுக்கும் மற்றதன் சாவுக்கும் சம்பந்தம் இல்லாதபோதுதான் இந்தக் கணக்கு செல்லும். ஒரே கம்பம் என்றால் கணக்கு அங்கேயே முடிந்தது.

நாடுகளுக்கே இது நடந்திருக்கிறது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா அருகே கடலடியில் இரண்டு கேபிள்கள் அறுந்தன. ஒன்று ஃப்ளாக், மற்றது சென்னையிலும் மும்பையிலும் கரையேறும் சீ-மீ-வீ 4. வெவ்வேறு நிறுவனங்களின் தனித்தனிக் கேபிள்கள். ஆனால் ஐரோப்பாவுக்குப் போக இரண்டும் எகிப்து வழியையே நம்பியிருந்தன. இந்தியாவின் மேற்குத் திசை இணைய வசதி பெருமளவு முடங்கியது.

ஆகவே இரண்டாவது இணைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, கம்பெனி பெயர் வேறு என்பதைவிடப் பாதை வேறா என்று பாருங்கள். கம்பத்தில் ஃபைபர் என்றால், மாற்று காற்றில் வரட்டும்: வேறு கம்பெனி சிம் போட்ட போனின் ஹாட்ஸ்பாட்டே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். செல்போன் கோபுரத்துக்கும் எல்லை உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளம் சூழ்ந்த சென்னைப் பகுதிகளில் மின்சாரமும் சிக்னலும் சேர்ந்தே போயின. கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம்தான். அதன் பிறகு டீசல் வந்து சேர வேண்டும்.

தானாகவே மாறிக்கொள்ள வேண்டும் என்பவர்களுக்கு, இரண்டு இணைப்பையும் ஏற்கும் டூயல் வான் ரவுட்டர் இருக்கிறது. அதில் ஒரு பொறி உண்டு. ஃபைபர் அறுந்தாலும் சுவரில் இருக்கும் நம் ஃபைபர் பெட்டி உயிரோடுதான் இருக்கும். அதற்கும் இந்த டூயல் வான் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள வயரின் விளக்கு பச்சையாகவே மின்னும். வயரை மட்டும் பார்க்கிற ரவுட்டர் எல்லாம் நலம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். வெளியே உள்ள ஓர் எண்ணுக்குச் சில விநாடிக்கு ஒருமுறை பிங் அனுப்பிப் பார்க்கும்படி அமைத்தால்தான் அது மாறும். மாறும் நொடியில் நம் முகவரியும் மாறுவதால் நடந்துகொண்டிருக்கும் வீடியோ கால் அறுபடலாம், வங்கித் தளம் மறுபடி உள்நுழையச் சொல்லலாம். போன்கள் வைஃபையில் இருப்பதாக நினைத்துப் படங்களை எல்லாம் மேலே ஏற்றத் தொடங்கி, சிம்மின் அன்றாட டேட்டாவை அரை மணியில் தீர்த்துவிடும். மாற்று வழியில் ஓடும்போது இந்தப் படப் பதிவேற்றத்தை நிறுத்திவைக்க வேண்டும்.

கிளை விழுந்த வாரமே கேபிள்காரரைக் கேட்டேன், “அண்ணா, நம்ம வயர் எந்த போஸ்ட் வழியா வருது?” அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தெருமுனை வரை காட்டினார். பின்தெருவிலும் அவருக்கு வயர் போகிறதாம். இரண்டு நாளில் எங்கள் இணைப்பை அந்தப் பக்கத்துக்கு மாற்றிக் கொடுத்தார். தனியாகப் பணம் வாங்கவில்லை. பழைய போன் ஒன்றில் மூன்றாவது கம்பெனியின் சிம் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் வயரை நானே கழற்றி, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறேன். போன மாதம் பின்தெரு இணைப்பு உடனே எடுத்துக்கொண்டது. கரண்ட்டை அணைத்துப் பார்த்தபோது, ரவுட்டருக்கு வாங்கிய யுபிஎஸ் இரண்டே கால் மணி தாங்கியது. அலமாரி போனில் மட்டும் சிக்னல் முழுதாக இருந்தும் நெட் வரவில்லை. சிம்மின் காலக்கெடு முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. அன்று மாலையே ரீசார்ஜ் செய்து, அடுத்த தேதியைக் காலண்டரில் குறித்தேன்.