விரிசலைத் தேடி

“எத்தனை அடியில தண்ணி இருக்குதுங்க சார்?” நாமக்கல் பக்கம் எந்தத் தோட்டத்தில் போய் மின்தடை மீட்டரை இறக்கினாலும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். நிலவியல் படித்து, போர் (ஆழ்துளைக் கிணறு) போட இடம் பார்த்துச் சொல்வதையே தொழிலாக வைத்திருக்கிறேன். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: “பாறை எங்கே உடைஞ்சிருக்குன்னு சொல்றேங்க. ஊத்து எத்தனையாவது அடியிலன்னு மீட்டர் சொல்லாதுங்க.”

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறை. எங்கள் பகுதியில் சார்னோகைட்டும் நைஸும். இவற்றின் அடியில் ஆறு எதுவும் ஓடவில்லை. மேலே மக்கிய பாறையில் கொஞ்சம் நீர் தங்கும். அதற்குக் கீழே நீர் இருக்க ஒரே இடம் விரிசல்தான். அதனால்தான் ஒரு போரில் நீர் பொங்க, முப்பதடி தள்ளிப் போட்டதில் வெறும் புகை பறக்கிறது.

உடையாத பாறை மின்சாரத்தை எளிதில் விடாது; உப்புகள் கரைந்த நீர் விடும். இந்த வேற்றுமையை வைத்துப் பூமியைப் படிக்கும் முயற்சியை 1912இல் பிரான்சில் கான்ராட் ஷ்லம்பெர்ஜர் தொடங்கினார். இன்றும் நான் செய்வது அதன் வழிவந்ததுதான். நான்கு கம்பிகளை ஒரே வரிசையில் அடிக்கிறோம். வெளிக்கம்பிகள் வழியே மின்சாரம் போகும். உள்கம்பிகளில் மின்னழுத்தத்தை அளக்கிறோம். வெளிக்கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடிக்க, மின்சாரம் இன்னும் ஆழமாக இறங்கும். கோடையில் மண் காய்ந்து கிடக்கும்போது கம்பியைச் சுற்றி உப்புத்தண்ணீர் ஊற்றினால்தான் அளவு நிலையாக நிற்கும். கெட்டிப் பாறை ஆயிரம் ஓம் மீட்டருக்கு மேல் காட்டும். நீர் ஊறிய மக்கிய பாறை பெரும்பாலும் நூறுக்குள் இறங்கிவிடும்.

ஆழம் கூடக் கூட மீட்டரின் பார்வை மங்கும். ஐந்நூறு அடியில் இருக்கும் விரலகல விரிசலைத் தரையில் அடித்த கம்பிகளால் உணரவே முடியாது. “அறுநூறு அடியில் இரண்டு இஞ்ச் தண்ணீர்” என்று எழுதித் தருகிறவர் மீட்டர் சொன்னதை எழுதவில்லை. அந்த ஒரு வரியை நம்பி நகையை அடகு வைத்து ரிக் வண்டியை வரவழைத்தவர்களை நான் அறிவேன்; அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நாம் தேட வேண்டியது செங்குத்தாக இறங்கும் அகலமான உடைவு மண்டலத்தை. அதன் தலை மேற்பரப்புக்கு அருகிலேயே தட்டுப்படும்.

அதைத் தேட வி.எல்.எஃப். என்னும் மிகத் தாழ்ந்த அதிர்வெண் ரேடியோ அலை முறையும் கைகொடுக்கும். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் 1990 முதல் இயங்குகிறது. நீர்மூழ்கிக் கப்பல்களுக்காக அது அனுப்பும் 18.2 கிலோஹெர்ட்ஸ் அலையே எங்களுக்கும் உதவுகிறது. நீர் நிறைந்த உடைவில் அந்த அலை சிறு மின்னோட்டத்தைத் தூண்டும். கருவியைப் பிடித்தபடி குறுக்கே நடந்தால் மாற்றம் தெரியும். நாமக்கல்லுக்கு அந்த நிலையம் ஏறக்குறையத் தெற்கே இருப்பதால் தெற்கு வடக்கான உடைவுகள் நன்றாகப் பிடிபடும், கிழக்கு மேற்கானவை தப்பும். மின்கம்பிக்கும் கம்பி வேலிக்கும் அருகே இந்த அளவை நம்பவே கூடாது.

களிமண் அடைத்த விரிசலும் நீர் போலவே குறைந்த மின்தடை காட்டும். ஆகவே ஒரே கருவியின் ஒரே அளவை வைத்து நான் புள்ளி குறிப்பதில்லை. பக்கத்துத் தோட்டத்துப் போர்களில் எங்கே கேப் (விரிசல்) விழுந்தது, கேசிங் குழாய் எத்தனை அடி இறங்கியது என்று கேட்ட பிறகே கல் நடுவேன்.

இடம் பார்க்க வருபவரிடம், அளவுகளை வரைகோடாகக் குறித்த வரைபடத் தாளைக் கேட்டு வாங்குங்கள். இந்தப் புள்ளி ஏன் என்று விளக்கச் சொல்லுங்கள். போர் ஓடும்போது பத்தடிக்கு ஒரு கைப்பிடி பாறைத்தூளை எடுத்து, ஆழம் எழுதிப் பொட்டலம் கட்டி வையுங்கள். தண்ணீர் வராத போராக இருந்தாலும் வையுங்கள். அடுத்த தோட்டத்துக்காரர் இடம் பார்க்கும்போது, எங்கள் வரைகோட்டைச் சரிபார்க்க அந்தப் பொட்டலங்களைவிட நல்ல சான்று கிடைக்காது.