"உங்க ஸ்கூல்ல கவுன்சிலர் யாரு?": சித்தூர், திருப்பதியில் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி

சித்தூரிலோ திருப்பதியிலோ படிக்கும் தம்பியோ அக்கா மகளோ உங்களுக்கு இருக்கிறார்களா? அடுத்த முறை போனில் பேசும்போது, மார்க் விசாரிக்கும் முன் இதைக் கேட்டுப் பாருங்கள்: "உங்க ஸ்கூல்ல கவுன்சிலர் யாரு?" "பி.டி. சார் பார்த்துப்பார்" என்று பதில் வந்தால், மேலே படியுங்கள்.

100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனம் எதுவானாலும், தகுதியுள்ள ஒரு கவுன்சிலர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளராவது இருக்க வேண்டும். 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இது. பள்ளி, கோச்சிங் சென்டர், ஹாஸ்டல் எல்லாவற்றுக்கும் பொருந்தும். இந்த வழக்கே ஆந்திராவிலிருந்து போனதுதான். விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துவந்த 17 வயது மாணவி 2023 ஜூலையில் இறந்தார். சிபிஐ விசாரணை கேட்டுத் தந்தை நீதிமன்றம் போனார். நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு அதை ஏற்றதோடு, நாடு முழுவதற்கும் 15 வழிகாட்டுதல்களையும் கொடுத்தது. தனிச் சட்டம் வரும்வரை இவைதான் சட்டம். மார்க்கை வைத்து மாணவர்களைத் தனித்தனி பேட்ச்சாகப் பிரிப்பதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும் என்பதும் இதில் உண்டு. (இதைப் படித்ததும் எத்தனை ஜூனியர் காலேஜ்கள் ஞாபகத்துக்கு வருகின்றன?)

தீர்ப்பு மேற்கோள் காட்டிய கணக்கு இது: 2022-ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். அதில் 2,248 மரணங்களுக்குத் தேர்வுத் தோல்வி காரணமாகப் பதிவாகியிருக்கிறது.

சரி, ஒரு கவுன்சிலர் போதுமா? கணக்குப் போடுவோம். 1,000 பேர் படிக்கும் பள்ளியில் அவர் தினமும் ஐந்து பேரிடம் உட்கார்ந்து பேசினால், எல்லாரையும் ஒரே ஒரு முறை பார்த்து முடிக்கவே 200 நாள் ஆகும். கல்வி உரிமைச் சட்டப்படி ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலை நாட்கள். அவ்ளோதான், வருஷம் முடிந்தது! அமெரிக்கப் பள்ளி கவுன்சிலர்கள் சங்கம் 250 மாணவருக்கு ஒருவர் என்கிறது. நம் தீர்ப்பும் மாணவர்-கவுன்சிலர் விகிதம் சரியாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் எண்ணைச் சொல்லவில்லை.

100-க்கும் குறைவானவர்கள் படிக்கும் பள்ளிகள் வெளியிலுள்ள மனநல நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்திருந்தால் போதும். கிராமத்துப் பள்ளிகள் பல இந்தக் கணக்கில்தான் வரும். அங்கே "யாரிடம் அனுப்புவீங்க?" என்று ஹெட்மாஸ்டரிடமே கேட்கலாம்.

இந்தப் பக்கத்துக்கென்றே இன்னொரு சிக்கல் இருக்கிறது: மொழி. 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டம் பிரிந்தபோது நகரியும் குப்பமும் சித்தூரில் நின்றன, சத்தியவேடு திருப்பதிக்குப் போனது. மூன்றிலும் வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். கணக்கைத் தெலுங்கில் போட்டுவிடும் பிள்ளை, "எனக்கு பயமா இருக்கு" என்பதை அம்மா பேசும் மொழியில்தான் சொல்லும். கவுன்சிலர் தேர்வில் இதையும் பார்க்கச் சொல்லி பெற்றோர் கூட்டத்தில் கேட்பது நியாயமான கோரிக்கை.

கவுன்சிலர் வேலை அட்வைஸ் பண்ணுவது இல்லை. முதலில் கேட்பது, ஆபத்து இருக்கிறதா என்று கணிப்பது, தேவைப்பட்டால் மருத்துவரிடம் அனுப்புவது. உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, பிள்ளை சொன்னது ஸ்டாஃப் ரூமுக்குப் போகக் கூடாது.

அவசரம் என்றால் டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு. தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். இந்த எண்ணைப் பள்ளியிலும் ஹாஸ்டலிலும் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்பதும் அந்த 15-ல் ஒன்று. அடுத்த முறை ஊருக்குப் போனால் சுவரைப் பாருங்கள்.