இசைக்குறிப்பு மென்பொருளில் கரகரப்பு: மடிக்கணினியை மாற்றும் முன் சோதிக்க வேண்டியவை என்ன?

மும்பை: திரையில் ஸ்வரங்கள் சரியாக உள்ளன. ஆனால், பிளே பொத்தானை அழுத்தியவுடன் வயலினும் புல்லாங்குழலும் வறுகடலை பொரிவதுபோல் கரகரக்கின்றன. இசைக்குறிப்பு எழுதும் மென்பொருள்களை மடிக்கணினியில் பயன்படுத்துவோர் பலரும் சந்திக்கும் சிக்கல் இது.

1952-இல் தொடங்கப்பட்ட சண்முகானந்த சபையும், செம்பூரின் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியும் கர்நாடக இசைக்கு மும்பையில் நிலையான இடம் அமைத்துத் தந்தவை. அந்த மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளிலும் அருகிலுள்ள தாராவியிலும் கீபோர்டு, கிட்டார் வகுப்புகளுக்குச் செல்லும் பிள்ளைகளுக்கும், தேவாலயப் பாடகர் குழுவுக்குப் பாகம் பிரித்து எழுதுவோருக்கும் மேற்கத்திய இசைக்குறிப்பு தேவைப்படுகிறது. இதற்கு இலவசமாகக் கிடைக்கும் மியூஸ்ஸ்கோர், கட்டணம் செலுத்திப் பெறும் சிபெலியஸ், டோரிகோ ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. ஃபினாலே மென்பொருளின் மேம்பாட்டை நிறுத்துவதாக அதன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிவித்தபின், அதன் பயனர்களும் பிற மென்பொருள்களுக்கு மாற வேண்டிய நிலை ஏற்பட்டது.

பழைய மடிக்கணினியை வைத்திருக்கும் குடும்பம், கரகரப்பைக் கேட்டதும் ஒலிபெருக்கி பழுது என்று கருதி பழுதுபார்க்கும் கடைக்கோ, லேமிங்டன் சாலைக்கோ செல்வது இயல்பு. ஆனால், பல நேரங்களில் பழுதாகாத பொருளுக்கே பணம் செலவாகிறது.

கரகரப்பு ஏன் ஏற்படுகிறது?

பாடல் கோப்பு ஒன்றை ஒலிக்கச் செய்வது கணினிக்கு எளிய வேலை. அதில் ஒலி ஏற்கெனவே பதிவாகியுள்ளது. இசைக்குறிப்பு மென்பொருளில் அப்படி இல்லை. எழுதிய ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் உரிய கருவியின் ஒலித்துணுக்கை நினைவகத்திலிருந்து எடுத்து, பிற கருவிகளுடன் கலந்து, ஒலிக்கும் நேரத்திலேயே அது உருவாக்க வேண்டும். பொதுவாக ஒரு நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் தேவை.

இந்த மாதிரிகள் 'பஃபர்' எனப்படும் தற்காலிகச் சேமிப்பில் நிரப்பப்பட்டு, அங்கிருந்து ஒலிபெருக்கிக்குச் செல்கின்றன. குழாயில் குறிப்பிட்ட நேரமே தண்ணீர் வரும் வீட்டில் டிரம்மில் பிடித்து வைப்பதைப் போன்றது இது. டிரம் சிறியதாக இருந்து, நிரம்பும் வேகமும் குறைந்தால் நடுவில் தண்ணீர் நின்றுவிடும். பஃபர் காலியாகும் அந்தக் கணமே 'டிக்', 'கர்ர்' என்று காதில் விழுகிறது.

பஃபரின் அளவு 256 மாதிரிகள் என்றால், அடுத்த தொகுதியைத் தயாரிக்கக் கணினிக்குக் கிடைப்பது சுமார் 5.8 மில்லி நொடி மட்டுமே. 1,024 எனில் சுமார் 23 மில்லி நொடி கிடைக்கும்.

முதலில் மூன்று சோதனைகள்

1. அதே மடிக்கணினியில் வேறொரு பாடலையோ காணொலியையோ ஒலிக்கச் செய்ய வேண்டும். அதிலும் கரகரத்தால் ஒலிபெருக்கி, ஹெட்ஃபோன் துளை, ஒலி இயக்கி மென்பொருள் ஆகியவற்றில் கோளாறு இருக்கலாம். மும்பையின் மழைக்கால ஈரப்பதத்தில் ஹெட்ஃபோன் துளையின் உலோகப் பகுதி அரிப்பதும் உண்டு.

2. எழுதிய இசையை வேவ் அல்லது எம்பி3 கோப்பாக ஏற்றுமதி செய்து கேட்க வேண்டும். ஏற்றுமதியின்போது கணினிக்கு நேர நெருக்கடி இல்லை. எனவே, கோப்பு தெளிவாக ஒலித்தால் கணினி வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாததே காரணம் எனலாம்.

3. ஏற்றுமதி செய்த கோப்பிலும் உரத்த இடங்களில் மட்டும் ஒலி சிதைந்தால், மிக்ஸரில் கருவிகளின் ஒலி அளவு எல்லை மீறியுள்ளது என்று பொருள். அவற்றைக் குறைத்தாலே போதும்.

சரிசெய்யும் வழிகள்

இரண்டாவது சோதனையில் கோப்பு தெளிவாக ஒலித்தால், மென்பொருளின் ஒலி அமைப்புகளில் பஃபர் அளவை 512, பின்னர் 1,024 என உயர்த்திப் பார்க்க வேண்டும். பொத்தானை அழுத்தியதற்கும் ஒலி எழுவதற்கும் இடையே சிறு தாமதம் கூடும். எழுதியதைத் திரும்பக் கேட்க இது தடையல்ல. மிடி கீபோர்டில் வாசித்துப் பதிவு செய்வோருக்கு மட்டுமே அது இடையூறாகத் தெரியும்.

அடுத்து, விண்டோஸ் ஒலி அமைப்பிலும் மென்பொருளிலும் மாதிரி வீதம் ஒன்றாக உள்ளதா எனப் பார்க்க வேண்டும். ஒன்றில் 44,100, மற்றொன்றில் 48,000 என இருப்பின் ஒன்றாக மாற்ற வேண்டும். 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' வசதியை அணைப்பதும் பயன்தரும்.

மின்சேமிப்பு முறையில் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனவே சார்ஜரை இணைத்து, பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபாமன்ஸ்' என வைக்க வேண்டும். காற்றோட்டமற்ற சிறிய அறையில், மெத்தைமேல் வைத்த மடிக்கணினி சூடேறினாலும் வேகம் குறையும். அதைக் கெட்டியான பலகைமேல் வைத்து, விசிறித் துளைகளின் தூசியை அகற்ற வேண்டும்.

மியூஸ்ஸ்கோர் 4-இல் தனியாக நிறுவப்படும் 'மியூஸ் சவுண்ட்ஸ்' ஒலிகள் இயல்பானவை. ஆனால், கணினிக்குச் சுமையானவை. எழுதும்போது மிக்ஸரில் 'எம்எஸ் பேசிக்' ஒலியைத் தேர்ந்துவிட்டு, இறுதியில் ஏற்றுமதி செய்யும்போது மட்டும் மியூஸ் சவுண்ட்ஸுக்கு மாறலாம்.

இவற்றுக்குப் பின்னும் கரகரப்பு நீடித்தால், வைஃபையை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும். நெட்வொர்க் இயக்கி செயலியை அவ்வப்போது பிடித்து வைப்பதும் ஒலி தடைபடக் காரணமாகலாம். எந்த இயக்கி அவ்வாறு செய்கிறது என்பதை 'லேட்டன்சிமான்' என்னும் கருவி காட்டும். அந்த இயக்கியை மடிக்கணினித் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்திலிருந்து புதுப்பிக்க வேண்டும். புளூடூத் ஹெட்ஃபோனுக்குப் பதில் கம்பி ஹெட்ஃபோனில் கேட்டுப் பார்ப்பதும் நல்லது.

எப்போது செலவு செய்யலாம்?

வேறு பாடல்களும் கரகரத்து, கம்பி ஹெட்ஃபோனில் மட்டும் தெளிவாக ஒலித்தால் பழுது ஒலிபெருக்கியில் உள்ளது. பெரிய இசைக்குழுவுக்கான பக்கங்களில் மட்டும் தடுமாறினால் நினைவகத்தைக் கூட்டுவதோ, ஹார்டு டிஸ்க்கிற்குப் பதில் எஸ்எஸ்டி பொருத்துவதோ பலன் தரும். இவ்விரண்டும் புதிய மடிக்கணினியைவிடச் செலவு குறைந்தவை.

ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றி, ஒவ்வொரு முறையும் அதே நான்கு பார்களை ஒலிக்கச் செய்து கேட்க வேண்டும். எந்த மாற்றத்தால் கரகரப்பு நின்றது என்பது அப்போதுதான் தெளிவாகும். கடைக்காரரிடம் செல்ல நேர்ந்தாலும், பழுது எங்கே என்பதைப் பயனரே சொல்ல முடியும்.