கொல்லாத வைரஸ் ஏன் பொல்லாதது?

வெள்ளிக்கிழமைக்குள் அறிவியல் செயல்திட்ட அறிக்கையைக் கொடுத்துவிட வேண்டும் என்று பள்ளிகளில் சொல்லிவிட்டார்களாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டிலிருந்து ஒரு வாரமாகக் கடிதங்கள் குவிகின்றன. பவளப்பாறையில் வாழும் வைரஸ்களைப் பற்றிப் போன மாதம் நாலு வரித் துணுக்கு ஒன்று எழுதினேன், அதன் வினை. ‘பவளத்துக்கும் கொரோனா வருமா?’ என்கிறார் ஒருவர். ‘வைரஸை ஒழித்துவிட்டால் பவளம் பிழைத்துக்கொள்ளும்’ என்று மகளின் அறிக்கைக்கு முடிவுரையே எழுதிவிட்டார் இன்னொருவர். ‘நம்ம டேனரித் தண்ணீர்தான் காரணமா?’ என்பது மூன்றாவது ரகம்.

பவளம் ஓர் உயிரினம், உடலுக்குள் பாசியைக் குடிவைத்திருக்கிறது, சுண்ணாம்பால் வீடு கட்டுகிறது. இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதால் நேரே சளிக்கு வருகிறேன்.

ஆமாம், சளிதான். பவளம் தன்மேல் சளியைப் போர்த்திக்கொள்கிறது. பாக்டீரியாவுக்கு அது விருந்து. பாக்டீரியா சும்மா விட்டால் என்ன செய்யும் என்று தோல் வேலை தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வந்திறங்கிய பச்சைத் தோலுக்கு உப்புப் போட ஒரு பொழுது தாமதித்தாலும் மயிர் கழன்று, மேல்தோலில் குழி விழுந்துவிடும். பவளத்துக்கு உப்புப் போட ஆளில்லை. அந்தக் காவல் வேலையில் வைரஸ்களுக்கும் பங்கு உண்டு.

இவை பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் ‘ஃபேஜ்’ வகை. கரையோரக் கடல்நீர் ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 1 கோடி வைரஸ் இருக்கும். பவளம் முதலிய உயிர்களின் சளியில், பாக்டீரியா ஒன்றுக்கு இத்தனை வைரஸ் என்ற விகிதம் சுற்றியுள்ள நீரைவிடச் சராசரியாக 4 மடங்குக்கு மேல் என்று 2013இல் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகக் குழு ஒன்று கணக்குக் காட்டியது. ஃபேஜின் மேலுறையில் உள்ள சில புரதங்கள் சளியில் ஒட்டிக்கொள்கின்றன. இப்படி ஃபேஜ்கள் வாசலிலேயே உட்கார்ந்து, உள்ளே நுழையும் பாக்டீரியாவைப் பிடித்து, அதற்குள் பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வருகின்றன. ஆகவே ‘வைரஸை ஒழித்தால்’ என்று எழுதியவர் மகளின் முடிவுரையை இன்றிரவே மாற்றிவிடுவது நல்லது.

என் தூக்கத்தைக் கெடுத்தது ஃபேஜின் இரண்டாவது முகம். எல்லா ஃபேஜும் எப்போதும் கொல்வதில்லை. சில வகைகள் தம் மரபணுவை பாக்டீரியாவின் மரபணுவுக்குள் செருகிவிட்டு அடங்கிவிடுகின்றன. பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போது வைரஸும் செலவில்லாமல் பிரதியாகிறது. வாடகை தராத குடித்தனக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் குடித்தனக்காரர் தன் இனத்து வேறு ஆளை வீட்டுக்குள் விடமாட்டார், சில வேளைகளில் வீட்டுக்காரர் கையில் கத்தியும் கொடுப்பார். அந்தக் கத்தி ஒரு நச்சு மரபணு.

வேலூர் வாசகர்கள் இதைக் கதை என்று ஒதுக்க முடியாது. 1992 இறுதியில் சென்னையில் புதுவகைக் காலரா தலைகாட்டியது. பின்னால் அதற்கு ஓ139 என்று பெயர் வைத்தார்கள். 1993இல் லான்செட் இதழில் வேலூர் சிஎம்சியிலிருந்து மேரி ஜேசுதாசனும் டி. ஜேக்கப் ஜானும், இங்கே பழைய எல் டோர் (ஓ1) வகையை ஓ1 அல்லாத இந்தப் புதுக் காலராக் கிருமி ஓரங்கட்டிவிட்டதைப் பதிவு செய்தார்கள். காலரா ஆளைக் கொல்வது அதன் நச்சால். அந்த நச்சு இருப்பதைக் கொல்கத்தாவில் 1959இல் நிறுவியவர் எஸ்.என். டே. அந்த நச்சின் மரபணு பாக்டீரியாவின் சொந்தச் சொத்தே இல்லை, அதற்குள் குடியேறிய இழை வடிவ வைரஸ் ஒன்று கொண்டுவந்தது என்று 1996இல் வால்டரும் மெகலானோஸும் காட்டினார்கள். இந்த வைரஸ் பாக்டீரியாவை உடைப்பதே இல்லை. கொல்லாத வைரஸ்தான் கொலைகாரக் கிருமியை உண்டாக்கியது.

இனி பவளத்துக்கு வருவோம். பெரிய மீன்களை வாரிக்கொண்டு போய், கழிவுநீரைக் கலக்கினால் பாறைமேல் பாசி அடர்கிறது. பாசி கசியவிடும் சர்க்கரையில் பாக்டீரியா கொழிக்கிறது. இரை பெருகினால் வேட்டையாடியும் பெருக வேண்டும் அல்லவா? 2016இல் நேச்சர் இதழில் பென் நோல்ஸ், ஃபாரஸ்ட் ரோவர் குழுவினர் சொன்னது நேர்மாறு. பாக்டீரியா அடர்ந்த இடங்களில், ஒரு பாக்டீரியாவுக்கு இத்தனை என்ற வைரஸ் விகிதம் குறைகிறது. குடியேறும் வகைக்குரிய மரபணுக்களும் நோய் உண்டாக்கும் மரபணுக்களும் கூடுகின்றன. அதாவது, ஜெயிக்கிறவனைக் கொல்வதைவிட அவன் தோளில் ஏறிக்கொள்வது லாபம் என்று வைரஸ் கட்சி மாறுகிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆனால் விளைவு கவலைக்குரியது. காவலாளி காவலை விட்டதோடு, திருடனுக்கு ஆயுதமும் கொடுக்கிறான்.

இது முடிந்த தீர்ப்பு அல்ல. அடுத்த ஆண்டே அதே இதழில் ஜோஷுவா வைட்ஸ் உள்ளிட்டோர் மறுத்து எழுதினார்கள். விகிதம் குறைவதால் மட்டுமே குடியேற்றம் கூடிவிட்டது என்று சொல்ல முடியாது என்பது அவர்கள் வாதம். விகிதத்தைப் பொறுத்தவரை அது நியாயமான வாதம் என்றே எனக்குப் படுகிறது. மரபணுச் சான்றை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது.

நம் பக்கத்துப் பவளம் மன்னார் வளைகுடாவில், ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகளைச் சுற்றி இருந்தது. தீவுகளில் இரண்டு மூழ்கிவிட்டன. பவளப்பாறையை மீனவர்கள் ‘பார்’ என்பார்கள். 2016 வெப்பத்துக்குப் பிறகு ‘உயிருள்ள பவளப் பரப்பு’ சுமார் 39 சதவீதத்திலிருந்து 23க்கு இறங்கியதைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் அளந்து சொன்னது. கடலடியில் நாடாவை விரித்து, அதன்கீழ் உயிரோடு இருப்பது எவ்வளவு நீளம் என்று பார்ப்பது இந்த அளவை. அளந்தவர்கள் மேல் குறையில்லை. அந்தச் சதவீதம் அரசு அறிக்கைக்குள் போனதும் ‘ஆரோக்கியம்’ என்று பெயர் மாற்றிக்கொள்கிறது. நாடாவுக்குச் சளியில் நடப்பது தெரியாது. நட்ட பவளத் துண்டுகளின் எண்ணிக்கையை ‘மீட்டெடுப்பு’ என்று சொல்வதும் இதே கதைதான். சுத்திகரிப்பு நிலையம் இருப்பதும் தண்ணீர் சுத்தமாக இருப்பதும் ஒன்றல்ல என்று நம் மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். டேனரிக் கழிவு பற்றி 1996இல் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரியில் மறுபடியும் இழப்பீட்டுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

டேனரித் தண்ணீரா காரணம்? பாலாறு கல்பாக்கம் பக்கத்தில் வாயலூரில் கடல் சேர்கிறது. மன்னார் வளைகுடா அங்கிருந்து வெகு தெற்கே.

கொரோனா? இல்லை.

வெளிறுவது வைரஸாலா? முதல் காரணம் கடல் சூடாவது. பவளப் பாசிக்குள்ளும் வைரஸ்கள் உண்டு, அவற்றின் பங்கு ஆராய்ச்சியில் இருக்கிறது.

வைரஸை எப்படி எண்ணுகிறார்கள்? மிக நுண்ணிய வடிதாளில் வடித்து, ஒளிரும் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் புள்ளிகளை எண்ணுவார்கள்.

எல்லா வைரஸுக்கும் பொதுவான மரபணு உண்டா? பாக்டீரியாவுக்கு உண்டு, வைரஸுக்குக் கிடையாது. வைரஸ்களை இனங்காணும் வேலை கடினமாக இருப்பதே அதனால்தான்.

ராமேஸ்வரத்திலிருந்து மாமா வாங்கிவந்த பவளக்கல்லைக் கண்காட்சி மேசையில் வைக்கலாமா? வைக்காதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலியைப் போல. களிமண்ணில் செய்துகொள்ளுங்கள். அதில் எல்லா வைரஸுக்கும் சிவப்புச் சாயம் பூசிவிடாதீர்கள்.