கோலாவும் தக்காளி சாஸும்

எடைக்கு எடை பார்த்தால் தக்காளி சாஸில்தான் சர்க்கரை அதிகம். 100 மில்லிலிட்டர் கோலாவில் சுமார் 10.6 கிராம் சர்க்கரை. 100 கிராம் சாஸில் 20 கிராமுக்கு மேல். கலோரியும் அப்படியே: கோலாவில் 42, சாஸில் ஏறத்தாழ 100.

கோலாவின் சர்க்கரை முழுவதும் வெளியிலிருந்து சேர்த்தது. மற்றபடி அதில் இருப்பவை வாயு ஏற்றிய நீர், கேரமல் நிறம், பாஸ்பாரிக் அமிலம், காஃபின், மணப்பொருட்கள். அமிலமும் குளிர்ச்சியும் தித்திப்பை அடக்கிவிடுவதால், 330 மில்லிலிட்டர் டின்னில் உள்ள 35 கிராம் சர்க்கரை நாக்குக்குத் திகட்டுவதில்லை. அவ்வளவு சர்க்கரையை வெறும் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது கடினம்.

தக்காளியில் 100 கிராமுக்கு 95 கிராம் வரை நீர்தான். சர்க்கரை 3 கிராம்கூட இல்லை. பழத்தைச் சூடாக்கி, தோலும் விதையும் நீங்கச் சலித்து, விழுதை வற்றக் காய்ச்சி, சர்க்கரை, உப்பு, வினிகர், மசாலா சேர்த்தால் சாஸ். வற்றும்போது பழத்தின் சொந்தச் சர்க்கரையும் செறிவாகிறது என்றாலும், சாஸின் இனிப்பில் பெரும்பங்கு ஆலையில் கொட்டியதே.

ஆனால் சாஸை யாரும் 100 கிராம் சாப்பிடுவதில்லை. ஒரு மேசைக்கரண்டி சாஸ் 17 கிராம். அதில் சர்க்கரை 4 கிராம் அளவு, கலோரி 20க்குள். ஒரு டின் கோலாவின் சர்க்கரைக்கு ஈடுகட்ட ஒன்பது கரண்டி சாஸ் வேண்டும். அந்த ஒன்பது கரண்டியில் சோடியம் ஏறக்குறைய 1,500 மில்லிகிராம் சேர்ந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாள் முழுவதற்கும் வைத்திருக்கும் வரம்பே 2,000தான். உப்பும் புளிப்பும் சேர்ந்து கையைத் தடுத்துவிடும். கோலாவில் சோடியம் மிகக் குறைவு; ஒரே மூச்சில் டின்னைக் காலி செய்யலாம். சர்க்கரையைப் பொறுத்தவரை கோலா கூடுதல் ஆபத்தானது இதனால்தான். சாஸின் குறை உப்பு.

சத்து என்று எடுத்துக்கொண்டால் கோலா வெறுமை. சாஸில் லைகோபீன் உண்டு, தக்காளிக்குச் சிவப்பைத் தரும் நிறமி. வேகாத தக்காளிப் பழத்தில் அது செல் சுவர்களுக்குள் சிக்கிக் கிடக்கிறது. வேகும்போது சுவர் உடைந்து வெளிப்படுகிறது, சிறிது எண்ணெய் சேர்ந்தால் உடல் இன்னும் எளிதாக உறிஞ்சும். எடைக்கு எடை சாஸில் லைகோபீன் பழத்தைவிடப் பல மடங்கு. வைட்டமின் சி கதை நேர்மாறு: 100 கிராம் பழத்தில் 14 மில்லிகிராம் அளவில் இருப்பது, அதே எடை சாஸில் 4 ஆகச் சுருங்குகிறது. நார்ச்சத்தும் சொற்பமே.

ஆகவே சாஸைக் காய்கறிக் கணக்கில் எழுத முடியாது. 1981இல் அமெரிக்க வேளாண் துறை, பள்ளி மதிய உணவில் இத்தகைய தொடுபொருட்களையும் காய்கறியாக எண்ண இடம்தரும் விதிகளை முன்மொழிந்தது. கடும் எதிர்ப்பு கிளம்பவே திரும்பப் பெற்றது. எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது.

இந்தியாவில் 2020இன் லேபிள் விதிகளின்படி, மொத்தச் சர்க்கரையோடு சேர்த்த சர்க்கரையையும் உறையில் தனியே காட்ட வேண்டும். அந்த எண் 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்பதையும் பார்த்த பிறகே இரண்டு பொருட்களை ஒப்பிட முடியும்.